அமெரிக்கச் சட்டை

எங்கள் வீட்டில் அளவு பொருந்தாத எந்தச் சாமானுக்கும் ஒரே பெயர்தான்: அமெரிக்கச் சட்டை. மலிவு விற்பனையில் அள்ளிக்கொண்டு வந்த சப்பாத்து குதிக்காலைக் கடித்தால் அது அமெரிக்கச் சட்டை. வாசலால் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்து, மழையில் நனைந்துகொண்டு நின்ற அலுமாரியும் அமெரிக்கச் சட்டைதான். என் மகள் ஒருமுறை தனக்குப் பேசிவந்த மாப்பிள்ளையையே அப்படிச் சொல்லிவிட்டாள். அது பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

கதை என் கணவருடைய பூட்டனில், பாட்டனின் தகப்பனில், தொடங்குகிறது. அவர் சின்ன வயதில் அமெரிக்க மிஷன்காரரின் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அமெரிக்காவிலிருந்து யாரோ ஒரு மகராசி வருடாவருடம் அவருக்கென்று சட்டை தைத்து அனுப்பினாவாம். கப்பலேறி, மாதக்கணக்கில் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும். முதல் சட்டை அளவாக இருந்தது. அடுத்தது கொஞ்சம் இறுக்கம். அதற்கடுத்ததில் தலையே நுழையவில்லை. பெடியன் வளர்ந்துகொண்டே போனான், சட்டை மட்டும் அதே அளவில் வந்துகொண்டே இருந்தது. மீசை முளைத்த பிறகும் வந்ததாம். அந்த அம்மாவுக்கு அளவெடுக்கத் தெரியாது என்று குடும்பமே தலைமுறை தலைமுறையாகச் சிரித்தது. கலியாணம் முடித்துவந்த கையோடு நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் பெயர் பாலாம்பிகை. நான் சைவம், இவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அதற்காக இரண்டு வீட்டாரும் அந்தக் காலத்தில் ஆடிய ஆட்டத்தை இங்கே சொல்லத் தொடங்கினால் சட்டைக்குத் திரும்பி வர மாட்டேன். இவருடைய முழுப்பெயர் அமோஸ் ஹார்ட்வெல் செல்வரத்தினம். பூட்டனின் பெயர் அமோஸ் ஹார்ட்வெல். மூத்த ஆண்பிள்ளைக்கு அதை வைப்பது அவர்கள் வழக்கம். லண்டனுக்கு வந்ததும், செல்வரத்தினம் என்று சொல்ல வெள்ளைக்காரரின் நாக்குப் புரளவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லி, ஹார்ட்வெல்லையே குடும்பப் பெயராக்கிவிட்டார். டெலிபோன் புத்தகத்தில் கோலியர்ஸ் வுட் ஹார்ட்வெல் நாங்கள்தான்.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தன் உடம்பில் அமெரிக்க இரத்தம் ஓடுகிறது என்று இவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டால் மூக்கைத் திருப்பிப் பக்கவாட்டில் காட்டுவார். அந்த மூக்கு மாமியின் பக்கத்து மூக்கு, அவருடைய சகோதரங்கள் எல்லாருக்கும் அதே மூக்குத்தான் என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். அதோடு, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும். விடுதியில் சேரும் பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவில் யாராவது ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் சொல்லுகிற பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். அவ்வளவுதான். என்னுடைய பூட்டனும் அங்கே கொஞ்சக் காலம் எஸ்ரா என்ற பெயரில் இருந்தவர். அவருடைய தகப்பன் கேள்விப்பட்டுப் போய், பெடியனைத் தரதரவென்று இழுத்துவந்து, கிணற்றடியில் தோயவார்த்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி மறுபடி கந்தையா ஆக்கிவிட்டார். அதற்காக நான் எஸ்ரா பாலாம்பிகை என்று சொல்லிக்கொண்டா திரிகிறேன்?

இவரை விடாமல் சீண்டுகிறவர் ஒருவர் இருந்தார். எங்கள் ஊர்ச்சங்கத்தின் தலைவர் யோகலிங்கம். டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். சங்கக் கூட்டத்தில் இவர் எழும்பி ஏதாவது சொன்னால், அமெரிக்கா என்ன சொல்லுது என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைப்பார். ஒருநாள் எல்லாருக்கும் முன்னால், ஒரு அமெரிக்கன் வந்து நீர் எங்கட ஆள் என்று சொன்னால் தலைவர் பதவியையே விட்டுத் தருகிறேன் என்று சவால் விட்டார். இவர் வீட்டுக்கு வந்து இரவு சாப்பிடவில்லை. எனக்கு யோகலிங்கத்தில் வந்த கோபத்துக்கு, அடுத்த கிழமை அரிசியைக் கூட அவரிடம் வாங்காமல் பல்ஹாம் வரைக்கும் போய் வாங்கினேன்.

இந்த நிலையில்தான், எண்பத்தெட்டாம் ஆண்டு கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டெலிபோன் அடித்தது. ஒரு வயதான அமெரிக்கப் பெண்ணின் குரல். பெயர் ஈடித் ஹார்ட்வெல். கலியாணம் செய்யாதவர். அமெரிக்காவில் வெண்டல் கவுண்டி என்று மலையும் மாடும் மேப்பிள் மரமுமாக ஒரு நாட்டுப்புறம் இருக்கிறதாம். அங்கே முதன்முதலில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் வரலாற்றை அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பங்கள் இங்கிலாந்தில் எங்கிருந்து போயின என்று தேட லண்டனுக்கு வந்தவர், பின்னேரங்களில் ஹோட்டல் கட்டிலில் இருந்தபடி டெலிபோன் புத்தகத்திலுள்ள ஹார்ட்வெல்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். முக்கால்வாசிப் பேர் ஏதோ விற்கப் பார்க்கிறாள் என்று வைத்துவிட்டார்களாம். எல்லாரிடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: உங்கள் குடும்பத்தில் அமோஸ் என்று யாராவது இருந்தார்களா?

இவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "மேடம், நான்தான் அமோஸ்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை தேநீருக்கு வருவதாக ஏற்பாடு. அந்தக் கிழமை முழுக்க இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. வரவேற்பறைக்குப் புதுத் திரை போட்டார். பிறகு, நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேளாமல் யோகலிங்கத்தையும் கூப்பிட்டார். சாட்சிக்காம். சனிக்கிழமை காலை குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கதைக்கிறன். நீர் பொரிச்ச பற்றீஸைக் கொண்டுவந்து குடும். எஸ்ராவைப் பற்றி மட்டும் வாய் திறக்க வேண்டாம், உமக்குப் புண்ணியமாப் போகும்."

இந்த வயதில் ஒரு மனிசன் இப்படிக் கெஞ்சினால் என்ன செய்கிறது? சரி என்றேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. ஒரு பொய்யை வீட்டுக்குள் சொல்லிச் சிரிப்பது வேறு, கடல் கடந்து வந்த ஒரு கிழவி அதைப் புத்தகத்தில் அச்சடிப்பது வேறு.

மிஸ் ஹார்ட்வெல் நேரத்துக்கு வந்தார். மெலிந்து உயர்ந்த உடம்பு, தானே தைத்த பருத்திச் சட்டை, ஆண்களின் சப்பாத்து. கதவைத் திறந்த என்னைப் பார்த்தார், பின்னால் கோட்டுப் போட்டு நின்ற இவரைப் பார்த்தார். எங்களின் நிறத்தைப் பார்த்துத் திகைப்பார் என்று நினைத்தேன். அவர் திகைக்கவில்லை. இலங்கை என்று தான் நினைத்தது சரிதான் என்று மட்டும் சொல்லி, இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக் கொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் அவர் தன் வம்சாவழிப் படத்தை விரித்தார். சுருண்டு சுருண்டு மூடிய மூலைகளுக்குச் சீனிப் பேணியையும் பற்றீஸ் தட்டையும் பாரம் வைத்தோம். பெரிய மரம், அடியில் தடித்த கிளைகள், மேலே போகப் போக மெலிந்து, கடைசியில் ஒற்றைக் கொப்பாக ஈடித் என்று முடிந்தது. சில பெயர்களின் கீழ் வருடம் வெறுமையாக இருந்ததைக் காட்டி, பழைய பதிவுகள் ஏன் இல்லை என்று சாட்சிக்கு வந்திருந்த யோகலிங்கம் கேட்டார். கவுண்டி கோர்ட்டுக் கட்டடம் ஒருமுறை எரிந்துபோனதாம். பழைய இடுகாட்டை ஆறு பெருகி அடித்துக்கொண்டு போய்விட்டதாம். எங்கட நூலகமும் எரிஞ்சதுதான் என்று யோகலிங்கம் சொன்னார். அந்த அம்மா மேசைக்கு மேலால் எட்டி அவருடைய கையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் யோகலிங்கத்தின் கண் கலங்கி முதன்முதலில் பார்த்தேன்.

பிறகு மிஸ் ஹார்ட்வெல் அமோஸின் கதையைச் சொன்னார். அவருடைய பூட்டனுக்கு அமோஸ் என்று ஒரு தம்பி. மிஷன்காரரோடு சிறுவயதிலேயே இலங்கைக்குப் போய்விட்டானாம். அவனுடைய தாய் கிழவியாகும் வரைக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அவனைப் பற்றியே சொல்வாளாம். அமோஸ் இலங்கையில் இருக்கிறான், அமோஸ் கணக்கில் முதலாம் பிள்ளை, அமோஸ் வேதாகமத்தை அந்த ஊர்ப் பாஷையிலேயே வாசிக்கிறான் என்று. ஆனால் அமோஸ் திரும்பி வரவே இல்லை. தாயின் சாவுக்கும் வரவில்லை. அதனால் ஹார்ட்வெல் குடும்பத்தில் வீட்டை மறந்த பிள்ளைகளைத் திட்டுவதற்கு ஒரு சொல் உண்டு: அமோஸ் மாதிரி இராதே.

அந்தக் குடும்பத்தின் ஒன்றுகூடல் ஆகஸ்ட் மாதத்தில் நடக்குமாம். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீள மேசைகள் போட்டு, குதிரைவண்டில்களில் வந்து இறங்குவார்களாம். பிறகு ஆட்கள் குறைந்து குறைந்து, போன வருடம் அவர் மட்டும்தான். உருளைக்கிழங்குச் சலாதுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, முந்தின வருடத்துக் கூட்ட அறிக்கையைத் தனக்குத் தானே உரக்க வாசித்து, கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் கடித்த பற்றீஸைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

"இனி நான் தனி ஆள் இல்லை" என்றார் இவரைப் பார்த்து. "உங்களுக்கு என் அப்பாவின் மூக்கு."

யோகலிங்கத்தின் வாய் பிளந்தபடி நின்றது. இவர் இதற்காக எத்தனை வருடம் காத்திருந்தார். கையில் கிடைத்துவிட்டது. அமோஸ் இலங்கையில் ஒரு தமிழ்ப் பெண்ணை முடித்துக் குடும்பமாக வாழ்ந்தான் என்று தன் புத்தகத்தில் எழுதப் போவதாகவும், இவருடைய படத்தையும் போடப் போவதாகவும் அந்த அம்மா சொன்னார். கடைசியாக, அந்தத் தாயின் சார்பில் அமோஸை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டு இவரைப் பார்த்தேன். இவர் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார், நான் எங்கள் தமிழில் சொல்கிறேன்.

"மிஸ் ஹார்ட்வெல், எங்கட அமோஸ் ஒரு தாயையும் விட்டிட்டுப் போகேல்லை. அவற்றை தாய் வள்ளியம்மை. எங்கட ஊர்க்காரி. அவ கண்ணை மூடுமட்டும் அவர்தான் பக்கத்தில இருந்து பார்த்தவர். அந்தப் பேர் பள்ளிக்கூடத்தில வைச்ச பேர். அமெரிக்காவில ஆரோ கேட்டதுக்காக வைச்சது. உங்கட இரத்தம் என்னட்ட இல்லை."

 யோகலிங்கம் பதவியை மிச்சம் பிடித்த ஆள் மாதிரி இல்லாமல், தலை குனிந்துகொண்டு இருந்தார். முப்பத்தைந்து வருடமாக நான் புளுகன் என்று திட்டிய மனிசன், தன் பூட்டனைத் தாயை மறந்தவன் என்று ஒருத்தர் சொல்லப் பொறுக்காமல், ஆசைப்பட்ட அத்தனையையும் மேசையில் கொட்டிவிட்டார். எனக்கு அந்த நேரம் இவரில் வந்த அன்பையும் பட்சத்தையும் சொல்ல ஏலாது.

மிஸ் ஹார்ட்வெல் மெல்ல மெல்லப் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். அதைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. யாராவது எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் போல இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பகிடியை எடுத்துவிட்டேன். சட்டைக் கதையைத்தான். பெடியன் வளர்ந்ததையும், சட்டை வளராததையும், மீசையோடு நின்று அவர் அதைத் தலையில் மாட்டப் பார்த்ததையும் நடித்தே காட்டினேன். யோகலிங்கம் வாயை மூடிக் கொடுப்புக்குள் சிரித்தார். அந்த அம்மாவும் சிரிக்கத் தொடங்கினார், பாதியில் நின்றார்.

எவ்வளவு சின்னது என்று கேட்டார்.

பூட்டன் போடாமல் விட்ட கடைசிச் சட்டை மாமியின் பெட்டகத்துக்குள் கிடந்தது. எலும்புப் பொத்தான் வைத்து, கண்ணுக்குத் தெரியாத தையலில் தைத்தது. என் மகள் பள்ளிக்கூட நாடகத்தில் ஆண்பிள்ளை வேஷம் போட்டபோது அதைத்தான் உடுத்திவிட்டேன். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பெட்டகமும் இல்லை, அந்த வீட்டுக்குக் கூரையும் இல்லை. அதனால் கையை விரித்துத் தோளின் அகலத்தைக் காட்டினேன். மகளுக்கு அப்போது எட்டு வயது என்று சொன்னேன்.

அவர் என் இரண்டு கைகளுக்கும் இடையிலிருந்த அந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியென்றால் அவன் எங்கேயும் போகவில்லை" என்றார். "எட்டு வயதோடு வீட்டிலேயே போய்விட்டான்."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் கையை மடக்க ஏலாமல் அப்படியே இருந்தேன். செத்துப்போன மகனின் பெயரை அந்தத் தாய் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லியிருக்கிறாள். கணக்கில் முதலாம் பிள்ளை என்று மிஷனிலிருந்து வந்த செய்தியெல்லாம் எங்கள் அமோஸைப் பற்றியது. அமோஸ் இலங்கையில் இருக்கிறான் என்று அவள் சொன்னதைக் கேட்ட பேரப்பிள்ளைகள், தங்கள் சித்தப்பன் கப்பலேறிப் போனதாகவே நினைத்துவிட்டார்கள். அளவெடுக்கத் தெரியாதவள் என்று நாங்கள் இவ்வளவு காலமும் சிரித்தோமே, அவளுக்கு அந்த ஓர் அளவு மட்டும்தான் தெரியும்.

மிஸ் ஹார்ட்வெல் அழுதார், நானும் அழுதேன். இவர் யன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த அம்மா மூக்கைத் துடைத்துவிட்டு, இனிமேல் தங்கள் வீட்டில் யாரும் அமோஸ் மாதிரி இராதே என்று சொல்லக்கூடாது என்றார். சொல்ல வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் தானே கேட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் யோகலிங்கம் தொண்டையைச் செருமினார். சங்கம், சங்கத்தின் சட்டதிட்டமான யாப்பு, விதி என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். உங்கள் ஒன்றுகூடலுக்கு யாப்பு உண்டா என்று கேட்டார். உண்டு, பாட்டனார் எழுதியது, பாடமாகவே தெரியும் என்றார் அந்த அம்மா. ஆர் அங்கத்தவர் என்ற விதியைச் சொல்லச் சொன்னார் யோகலிங்கம். ஹார்ட்வெல் என்ற பெயரைத் தாங்கியவர்களும், அவர்களை மணந்தவர்களும் என்றார் அவர்.

"இரத்தம் எண்டு எங்கயாவது இருக்கோ?" என்று யோகலிங்கம் கேட்டார்.

அந்த அம்மா கண்ணை மூடி, உதடு அசைய யாப்பு முழுவதையும் தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இல்லை என்றார்.

ஆகஸ்ட் பிறந்துவிட்டது, கூட்டம் நடத்தப் போதிய ஆட்களும் இருக்கிறார்கள், பிறகென்ன சுணக்கம் என்றார் யோகலிங்கம். மேசையில் படம் மறுபடி விரிந்தது. ஹார்ட்வெல் குடும்ப ஒன்றுகூடல் கோலியர்ஸ் வுட்டில், மீந்த பற்றீஸோடு, முறைப்படி ஆரம்பமானது. மிஸ் ஹார்ட்வெல் தலைவர். இவர் உபதலைவர். செயலாளராக என்னைப் போட்டார்கள், ஒரு சைவக்காரியை. யோகலிங்கத்துக்குப் பதவியும் இல்லை, வாக்கும் இல்லை. பார்வையாளர் என்று ஒரு மூலையில் இருத்தினோம். கூட்டம் முடியும்வரை அவர் நெளிந்த நெளிவு எனக்கு அரிசி வாங்க பல்ஹாம் போன அலைச்சலுக்குச் சரியாகப் போய்விட்டது.

வெளிக்கிடும்போது அந்த அம்மா இவரை வாசலில் வைத்துக் கட்டிப்பிடித்தார். நேரம் எடுத்துத்தான் பிடித்தார். இரண்டு தோளிலும் கையை வைத்து, முதுகைத் தடவி, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, கழுத்தடியில் விரலால் தொட்டு. அமெரிக்கருக்குப் பாசம் கூட என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால், ஒரு பார்சல் வந்தது. உள்ளே புத்தகம். ஹார்ட்வெல் அத்தியாயத்தில், அமோஸ் சிறுவயதில் காலமானார் என்றும், அவருடைய பெயர் இலங்கையிலும் லண்டனிலும் தொடர்கிறது என்றும் இருந்தது. பக்கத்தில் இவருடைய படம், மூக்குப் பக்கவாட்டாக. அடுத்த சங்கக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்டியவர் இவர் இல்லை, யோகலிங்கம்.

புத்தகத்துக்குக் கீழே மெல்லிய தாளில் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டை. எலும்புப் பொத்தான், கண்ணுக்குத் தெரியாத தையல். இவர் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மாட்டினார். தோள் சரி. கை சரி. கழுத்து சரி. வயிற்றுக்குக்கூடத் தாராளமாக இடம் விட்டுத் தைத்திருந்தார், கட்டிப்பிடித்த சாட்டில் அளவெடுத்த கள்ளி. இவர் திரும்பி என்னைப் பார்த்து எப்படி என்று கேட்டார். கண்ணீர் மறைத்ததால் நான் பொத்தானைப் பூட்டிவிடுகிற மாதிரிக் கிட்டப் போய் நின்றேன். அளவாக இருக்குது என்று சொன்னேன். எங்கள் வீட்டில் பொருந்தாத சாமானுக்கு இனி வேறு பெயர் தேட வேண்டும்.